பணிமாற்றக் குறிப்பேடு

அதிகாலை நான்கு இருபதுக்குக் கண்டேன்:
ஆய்வகக் குளிர்பெட்டியின் கதவு
ஒரு விரல் நுழையுமளவு திறந்திருக்கிறது.
முப்பத்தேழு ரத்தக் குழாய்கள். வெப்பமானியில் பதினாறு.
அயகுச்சோவின் ஜூலை இரவில்
தெருவில் வைத்திருந்தாலே கெட்டிருக்காது.

மாலைப் பணி நெலிதா யுபாரி.
கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
முதல் வரியை எழுதினேன்:
"கதவை மூடக்கூடவா தெரியாது?"
நல்லவேளை, அட்டை.
குறிப்பேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு.
கிழித்தால் தணிக்கையில் தெரியும்,
அடித்தாலோ
அடித்ததுதான் முதலில் கண்ணில் படும்.

அந்த வரியில் ஒன்றும் பொய்யில்லை.
"கூட" மட்டும் தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.
எடுத்துவிட்டு
"கதவு திறந்திருந்தது" என்றேன்.
ஆளில்லாத வாக்கியம்.
காற்று திறந்ததா, பேய் திறந்ததா?
நெலிதா படித்தால்
காலியிடத்தில் தன் பெயரைத் தானே நிரப்பிக்கொள்வாள்.

"எங்களுக்கு இரட்டை வேலை" என்றும் ஒன்று.
எங்களுக்கு என்றால் யாருக்கு?
இரவில் நான் ஒருத்திதான்.
நானும் அந்தச் சுழலும் இயந்திரமும்.

குறிப்பை ஸ்பானிய மொழியில் எழுதுவதுதான் வழக்கம்.
அதில் நொஸோத்ரோஸ், ஒரே சொல்.
கேட்பவர் உள்ளேயா வெளியேயா, அது சொல்லாது.
போன மாதம் இயக்குநரின் சுற்றறிக்கை:
"நாம் ஒரே குடும்பம்,
டிசம்பர் வரை மிகைநேர ஊதியம் இராது."
அதே வாரம் அவருக்குப் புது வண்டி வந்தது.
கெச்சுவாவில் எழுதச் சொல்லியிருந்தால்
பாவம், திண்டாடியிருப்பார்.
அங்கே ஞொஹய்க்கு என்றால் நாங்கள், உன்னை விட்டு.
ஞொஹஞ்சிக் என்றால் நாம், உன்னையும் சேர்த்து.
வாய் திறக்குமுன் முடிவெடுத்தாக வேண்டும்,
எதிரில் இருப்பவளை எங்கே நிறுத்துவது என்று.

ஐந்து மணி.
ஜன்னலில் மலை இன்னும் கறுப்பு.
வாசலில் சாப்லா ரொட்டி விற்பவள் கூடையை இறக்கினாள்.
எண்ணிட்ட பக்கத்தில் எழுதினேன்,
ஸ்பானிய வாக்கியத்தின் நடுவே
வீட்டுச் சொல் ஒன்றைச் சொருகி:
"முப்பத்தேழும் கெட்டுவிட்டன, நெலிதா.
பதினொரு மணிக்குப் பிறகு நானும் அந்தப் பக்கம் போகவில்லை.
நேற்று மூடும்போது கதவு எப்படி இருந்தது?
ஞொஹஞ்சிக் என்ன செய்யலாம்?"

மறுநாள் இரவு, கீழே அவள் கையெழுத்து.
வலப்பக்கம் சாய்ந்து, அவசரமாக:
"மூலையில் ரப்பர் தேய்ந்திருக்கிறது.
அழுத்தி மூடினாலும் மெல்ல விலகுகிறது.
போன வாரமே கவனித்தேன். எழுதவில்லை.
எழுதினால் நான் உடைத்தேன் என்பார்கள்.
இப்போதைக்குக் கயிறு கட்டியிருக்கிறேன்.
எல்லோரிடமும் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.
நாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.
ஆகவே காலை எட்டு மணிக்கு
நீங்களும் கூட வாருங்கள்."

ஏழு மணிக்கு முடிகிறது என் பணி.
அந்தச் சொல்லுக்கு இவ்வளவு விலை என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
திட்டினேன், சத்தமாகவே.
பிறகு காப்பி குடித்தேன்.

நான்காம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
எலெயுதேரியோ பலோமினோ கையை நீட்டவில்லை.
"நேற்று முன்தினம்தானே எடுத்தீர்கள்?
அந்த ரத்தம் எங்கே?"
நான் வாயைத் திறப்பதற்குள்
நெலிதா கட்டிலோரம் குனிந்து
அவர் மொழியில் சொன்னாள்,
கெட்டுப்போனது, ஐயா,
தவறு ஞொஹய்க்கு உடையது.

உங்களுடையது அல்ல. எங்களுடையது.
அந்தச் சொல்லுக்குள் இப்போது
இரண்டு பேர் நின்றிருந்தோம்.
அவர் சற்று யோசித்தார்,
பிறகு சட்டைக் கையை மடித்தார்,
மற்றக் கையை.